சதுரங்கக் கதையின் மறுபாதி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணக்கு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

பத்தாம் வகுப்பில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடம் வந்து, பெருக்குத் தொடரின் கூடுதல் காணும் இடத்தை எட்டியதும் உங்களில் பலர் சதுரங்கப் பலகைக் கதையைச் சொல்வீர்கள். ராஜாவுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்த பண்டிதர், முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டத்துக்கும் தானியம் கேட்கிறார். இவ்வளவுதானா என்று ராஜா சிரிக்கிறார். களஞ்சியம் காலியாகிறது, சிரிப்பு நிற்கிறது. நீங்கள் கரும்பலகையில் விடையை எழுதுவீர்கள்:

1,84,46,74,40,73,70,95,51,615.

வகுப்பில் ‘யப்பா!’ என்று ஒரு சத்தம் எழும். பிறகு டஸ்டர் வந்து துடைத்துவிடும். அடுத்த கணக்கு.

என் குறை அந்த டஸ்டர் மேல்தான். ஓர் எண் பெரியது என்பது அந்த எண்ணைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றிலேயே சுவை குறைந்த செய்தி. இதைவிடப் பெரிய எண்ணை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட எழுதிவிடும், கடைசியில் ஒரு பூச்சியம் சேர்த்தால் ஆயிற்று. ஆனால் இந்த இருபது இலக்கத்துக்குள் 350 ஆண்டுக் கணித வரலாறு அடங்கியிருக்கிறது. ஃபெர்மா சறுக்கிய இடம், ஆய்லர் பிடித்த பிடி, காஸ் வரைந்த பலகோணம் எல்லாமே இதற்குள் இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசியைப் புரிந்துகொள்ள, நீங்கள் ஏற்கெனவே நடத்தி முடித்த பாடங்களே போதும். கதையை முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். மறுபாதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

பெரிசு என்ற சங்கதியை முதலில் முடித்துவிடுவோம். ஓர் அரிசியின் எடையை 20 மில்லிகிராம் என்று வைத்தால், பலகையின் மொத்த அரிசி சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுக்க இப்போது ஆண்டுக்கு விளைகிற அரிசி 50 கோடி டன்னைச் சுற்றி இருக்கிறது. ஆக, ஏறக்குறைய 700 ஆண்டு விளைச்சல். அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். அங்கே ஆட வந்தது கிருஷ்ணனே, பணயம் அரிசி, தீராத அந்தக் கடனுக்குத்தான் இன்றைக்கும் பால்பாயசம் என்று. கடன் எப்போது தீரும் என்று பக்தர்கள் கவலைப்படுவதில்லை. பாயசம் நன்றாக இருக்கிறது.

எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதிலிருந்து சுவை தொடங்குகிறது. 64 தடவை இரட்டிக்க வேண்டுமா? வேண்டாம். ஏறக்குறைய கி.பி. 1000இல் அல்பிரூனி தன் காலக்கணித நூலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவருடைய விதி இது: எந்தக் கட்டத்தின் எண்ணை எடுத்து வர்க்கப்படுத்தினாலும், அந்தக் கட்டம் முதல் கட்டத்திலிருந்து எவ்வளவு தூரமோ அதே அளவு இன்னும் தள்ளியிருக்கிற கட்டத்தின் எண் கிடைத்துவிடும். ஐந்தாம் கட்டத்தில் 16. அதன் வர்க்கம் 256, ஒன்பதாம் கட்டம். 256இன் வர்க்கம் 65,536, பதினேழாம் கட்டம். அதன் வர்க்கம் 4,29,49,67,296, முப்பத்து மூன்றாம் கட்டம். அதையும் வர்க்கப்படுத்தினால் 65ஆம் கட்டம். பலகையில் இல்லாத கட்டம் அது! அதுதான் நமக்கு வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும், அதற்கு முன்னால் உள்ள எல்லாக் கட்டங்களின் கூடுதலைவிடச் சரியாக ஒரு மணி கூடுதலாக இருக்கும். மூன்றாம் கட்டத்தில் 4, அதற்கு முன் 1 + 2 = 3. நான்காம் கட்டத்தில் 8, அதற்கு முன் 7. ஆகவே இல்லாத 65ஆம் கட்டத்தின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் இருக்கிற 64 கட்டத்தின் கூடுதல் வந்துவிடுகிறது. பாடப்புத்தகத்துச் சூத்திரம் செய்வதும் இதையேதான். ஆனால் அந்த 65ஆம் கட்டத்தைக் கற்பனை செய்யும் பிள்ளைக்குச் சூத்திரம் மறந்தாலும் பரவாயில்லை.

2இலிருந்து தொடங்கினால் ஆறே வர்க்கம். கடைசி வர்க்கம் ஒன்றுதான் கடினம், பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால் பெருக்க வேண்டும். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். செல்போனில் தட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவனுக்கு ஓர் எச்சரிக்கை: எக்செலில் 2⁶⁴ போட்டால் 18446744073709600000 என்று காட்டும். 15 இலக்கத்துக்கு மேல் அது கைவிட்டுவிடுகிறது. 2⁶⁴ − 1 போட்டாலும் அதே எண்தான். ஓர் இரட்டை எண்ணும் அதற்கு முந்தைய ஒற்றை எண்ணும் ஒன்று என்று சொல்கிற கருவியை நம்பி மார்க் போடுகிறோம் என்பதைப் பிள்ளைகள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பைத்தானில் போட்டால் இலக்கம் பிசகாமல் வரும்.

இனி எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். கடைசி இலக்கம் 5, ஆக 5ஆல் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 87, ஆக 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. இது ஆறாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற முற்றொருமை வருகிறது. நாம் அதை 103 × 97 போடுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம், கோடரியை வைத்துக் குச்சி சீவுகிற மாதிரி. அந்தக் கோடரியை இங்கே போடுங்கள். 2⁶⁴ − 1 என்பது 2³²இன் வர்க்கத்திலிருந்து 1இன் வர்க்கத்தைக் கழித்தது. ஆகவே அது (2³² + 1) × (2³² − 1). வலப்பக்கத்து 2³² − 1 மறுபடியும் பிளக்கும்: (2¹⁶ + 1) × (2¹⁶ − 1). அதுவும் பிளக்கும். பிளந்துகொண்டே போனால் கடைசியில் 2 − 1 = 1 மிஞ்சும். கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297.

கால்குலேட்டர் இல்லை, வகுத்தல் இல்லை. ஒரே முற்றொருமையை ஆறு முறை போட்டு இருபது இலக்க எண்ணை ஆறு துண்டாக்கியாயிற்று.

இந்த ஆறு பேரும் ஒரே குடும்பம். முதல் ஐந்தும் பகா எண்கள். 1640இல் பியர் த ஃபெர்மா இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார், ஆனாலும் நம்பினார். அடுத்த உறுப்பான 4,29,49,67,297 பத்து இலக்கம்தான். அதைப் பிளக்க ஃபெர்மா போன்ற ஒருவருக்கு முடியாமல் போனது ஏன் என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1729 டிசம்பரில் கோல்ட்பாஹ், ஆய்லருக்கு ஒரு கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் கேட்டார்: ஃபெர்மா சொன்னது தெரியுமா? ஆய்லர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பிடித்துக்கொண்டார். 1732இல் விடை வந்தது: அந்த எண் 641ஆல் வகுபடும். 641 × 67,00,417.

641ஐ எப்படிப் பிடித்தார்? 3, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போகவில்லை. இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி என்று ஒன்று இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும் என்று கண்டுகொண்டார். அந்த நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்களை எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் விழுந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு எடுவார் லூக்கா இந்த நிபந்தனையை இன்னும் இறுக்கினார், 64 இல்லை 128 என்று. அப்படிப் பார்த்தால் பட்டியலில் 257க்கு அடுத்ததே 641தான்.

இந்த 641ஐப் பத்தாம் வகுப்பிலேயே நிரூபிக்கலாம் என்பதுதான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வந்த இடம். இரண்டே விஷயம் கவனியுங்கள். 641 என்பது 640 + 1; 640 என்பது 5 × 2⁷. அதே 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஒரே எண்ணுக்கு இரண்டு முகம்.

முதல் முகம்: 640⁴ − 1 என்பது (640² + 1) × (640 − 1) × (640 + 1). கடைசிக் காரணி 641. ஆகவே 640⁴ − 1 என்பது 641ஆல் வகுபடும். 640⁴ஐ விரித்து எழுதினால் 5⁴ × 2²⁸. எனவே 5⁴ × 2²⁸ − 1, 641ஆல் வகுபடும்.

இரண்டாம் முகம்: 5⁴ + 2⁴ஐ 2²⁸ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². அதுவும் 641ஆல் வகுபடும், 641இன் மடங்குதானே அது.

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 5⁴ × 2²⁸ அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 2³² + 1. முடிந்தது.

பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூட எழுதாமல், வகுக்காமல், அது பகு எண் என்று தெரிந்துகொண்டோம். உங்கள் பாடப்புத்தகத்தில் மட்டு எண்கணிதம் அதே பாடத்தில்தான் இருக்கிறது. கடிகார மணி, கிழமை என்று இரண்டு கணக்குப் போட்டுவிட்டு, இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறோம். இதற்குத்தான் என்று இந்த நான்கு வரியைக் காட்டலாம்.

ஸெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன் எட்டு வயதில் லண்டனில் மனக்கணக்கு வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது, இதே பத்து இலக்க எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். 641 என்று சொல்லிவிட்டானாம். எப்படி என்று அவனால் விளக்க முடியவில்லை. நம் வகுப்பில் எட்டு வயதுக் கோல்பர்ன் இல்லாமல் இருக்கலாம், கழித்தல் தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆக, முழு எண்ணின் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. ஏழு காரணியில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், எனவே மொத்த வகுத்திகள் 2⁷ = 128. அக்கம்பக்கத்து எண்களையும் பாருங்கள். 616இல் முடியும் 2⁶⁴க்கு 2ஐத் தவிர வேறு பகாக் காரணி கிடையாது. அதற்கு அடுத்தது, 617இல் முடிவது, ஃபெர்மா குடும்பத்தின் ஏழாவது பிள்ளை. அது 2,74,177 × 6,72,80,42,13,10,721 என்று இரண்டே துண்டு. இதை 1880இல் பிரெஞ்சுக்காரர் லாந்ரி பிரித்து வெளியிட்டபோது அவருக்கு 82 வயது. ஓய்வூதியக் கோப்பு இன்னும் வரவில்லை என்று கவலைப்படும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

பலகையின் பாதிக்கு வருவோம். முதல் 32 கட்டத்தில் மொத்தம் 4,29,49,67,295 மணி. அரிசியாகப் பார்த்தால் வெறும் 86 டன், சில லாரி லோடு. ராஜா சிரித்ததில் நியாயம் உண்டு. எண்ணாகப் பார்த்தால் அது 3 × 5 × 17 × 257 × 65,537, அதாவது நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அத்தனையின் பெருக்கலும் அதுதான், ஒன்று மிச்சமில்லை. இதற்கும் வடிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று 1796 மார்ச் வரை யாருக்கும் தெரியாது. அந்த மாதக் கடைசியில், இன்னும் பத்தொன்பது நிறையாத கார்ல் ஃப்ரீட்ரிஷ் காஸ், அளவு குறிக்காத ஸ்கேலும் கவராயமும் மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரைய முடியும் என்று கண்டார். சமபக்க முக்கோணமும் ஐங்கோணமும் யூக்ளிட் காலத்திலேயே வரைந்தாயிற்று, இரண்டாயிரம் ஆண்டாக அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு பகா எண்கூடச் சேரவில்லை. காஸின் விதி, பின்பு 1837இல் வான்ட்செல் முழுமையாக்கியது, இதுதான்: பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே. அவற்றைக் கொண்டு 31 பெருக்கல்கள் செய்யலாம். 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி எண் 4,29,49,67,295. வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் ஆகப் பெரியதன் பக்கங்களும், பலகையின் முதல் பாதியில் உள்ள மணிகளும் ஒரே எண்ணிக்கை.

முழுப் பலகை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரைய முடியாது. குறுக்கே நிற்பது 641.

ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கப் பலகோணத்தை வரையும் முறையை எழுதுவதில் பத்து ஆண்டு செலவிட்டார். கையெழுத்துப் பிரதியை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். நான் அந்த வேலையைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் 65,537 வீண் போகவில்லை. ஆர்எஸ்ஏ மறையாக்க முறையில் வெளிப்படையாகத் தரப்படும் அடுக்காகப் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் வைக்கிறார்கள். காரணம், இரும எண்ணாக எழுதினால் அதில் இரண்டே 1 இருக்கும், நடுவில் பதினைந்து பூச்சியம், அதனால் அடுக்குக்கு உயர்த்துவது சுலபம். இங்கும் அல்பிரூனியின் வேலைதான் நடக்கிறது. பதினாறு முறை வர்க்கம், கடைசியில் ஒரு பெருக்கல்.

இரும எண் என்றதும் இன்னொன்று. நம் இருபது இலக்க எண்ணை இருமத்தில் எழுதினால் 64 ஒன்று, வேறெதுவும் இல்லை. 64 பிட் கணினி ஒரு சொல்லில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆகப் பெரிய முழு எண் இதுவே. அதோடு ஒன்றைக் கூட்டினால் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். சதுரங்கம் ஆடும் மென்பொருள்கள், ஸ்டாக்ஃபிஷ் உட்பட, பலகையை இப்படித்தான் நினைவில் வைக்கின்றன: கட்டத்துக்கு ஒரு பிட், காய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பிட்போர்டு என்பார்கள். ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைச் சிப்பாய் எட்டும் சேர்ந்து 65,280 என்ற ஒரே எண். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால், பண்டிதர் கேட்ட அதே எண்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வருவது. கீழ்வரிசையின் எட்டுக் கட்டமும் மட்டும் நிரம்பினால் எண் 255. இடது ஓரத்து நெடுவரிசை மட்டும் நிரம்பினால் 72,34,01,72,83,80,76,673. இரண்டையும் பெருக்கினால் முழுப் பலகை. எட்டை எட்டால் பெருக்கினால் 64 என்பது பரப்பளவு. இங்கே எண்களே வரிசை × நெடுவரிசை என்று பெருகிப் பலகையை நிரப்புகின்றன. 255 என்பது 3 × 5 × 17, குடும்பத்தின் முதல் மூவர். நெடுவரிசை எண் மற்ற மூவரின் பெருக்கல். இன்னும் ஒன்று: முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நெடுவரிசைகளை மட்டும் நிரப்பினால் வரும் எண் முழு எண்ணின் சரியாக மூன்றில் ஒரு பங்கு. பலகையில் பாதிக் கட்டம், மதிப்பில் மூன்றில் ஒன்று. ஏன் என்று பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். உலகச் சதுரங்கப் பட்டத்தை 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் கொண்டுவந்த பிறகு, பலகை எப்படி இருக்கும் என்று எந்த வகுப்பிலும் விளக்க வேண்டியதில்லை.

சார்ட் பேப்பர் வேலை பிடித்தவர்களுக்கு: பாஸ்கல் முக்கோணத்தை 64 வரி எழுதச் சொல்லுங்கள். எண்களை எழுத வேண்டாம். ஒற்றை என்றால் கட்டத்தைக் கறுப்பாக்கு, இரட்டை என்றால் விட்டுவிடு. மேலே உள்ள இரண்டும் வேறு வேறு என்றால் கீழே கறுப்பு. ஒரே மாதிரி என்றால் வெள்ளை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே செய்துவிடும். முக்கோணத்துக்குள் முக்கோணமாகத் துளை விழுந்து கோலம் மாதிரி ஒரு படம் எழும்பும். இப்போது ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257... மேலே காஸின் பலகோணப் பட்டியல் என்று எழுதினேனே, அதே வரிசை! முதல் 32 வரிகளில் முதல் வரியை விட்டால், வரையத்தக்க 31 ஒற்றைப்படைப் பலகோணங்களும் ஏறுவரிசையில் நிற்கின்றன. 33ஆம் வரியில் 4,29,49,67,297 வந்து ஒழுங்கைக் கெடுக்கிறது. 64ஆம் வரி முழுக்கக் கறுப்பு, 64 ஒன்றுகள், நம் எண். கூட்டலும் ஒற்றை இரட்டையும் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு படத்துக்கு, பலகோணம் வரைகிற சங்கதி எப்படித் தெரியும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. காரணம் இருக்கிறது: ஒவ்வொரு வரியும் ஃபெர்மா எண்களின் பெருக்கல். எந்தெந்த எண்கள் என்பதை வரியின் வரிசை எண்ணை இருமத்தில் எழுதினால் தெரிந்துகொள்ளலாம், பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். ஆனால் காரணம் தெரிந்த பிறகும் வியப்பு குறைவதில்லை.

சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை, இதில் ஃபெர்மா வேறா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தேர்வுத் தாளில் 641 வராது என்பதும் உண்மை. ஆனால் நான் சொன்னவற்றில் வகுபடும் தன்மை, முற்றொருமை, அடுக்கு விதிகள், பெருக்குத் தொடர், மட்டு எண்கணிதம், பாஸ்கல் முக்கோணம் தவிர வெளியிலிருந்து எதுவும் இல்லை. இவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனிப் பெட்டியில் போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் பத்துக் கணக்கு என்று நடத்துவதில்தான் நேரம் கரைகிறது. ஓர் எண்ணை ஆறாம் வகுப்பில் அறிமுகப்படுத்தி, பத்தாம் வகுப்பு வரை அவ்வப்போது அதனிடமே திரும்பி வந்தால், பாடங்களுக்கு இடையே உள்ள உறவு தானாகத் தெரியவரும். ‘காரணிக் குடும்பத்தின் ஆறாவது ஆள் ஏன் உடைந்தான்’ என்ற கேள்வியை ஆறாம் வகுப்பில் விதைத்துவிட்டு, பத்தாம் வகுப்பில் விடை சொல்லுங்கள். நான்கு ஆண்டு காத்திருக்கத் தகுந்த கேள்வி அது.

இன்னொரு சிறு வேண்டுகோள். இதே எண்ணுக்கு ஒரு காசிக் கதையும் உண்டு: வைரத் தூண் மூன்று, தங்கத் தட்டு 64, அர்ச்சகர்கள் ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது உலகம் அழியும் என்று. தட்டுகளை மாற்றக் குறைந்தது 2⁶⁴ − 1 நகர்த்தல் வேண்டும், நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதான். இதை நம் முன்னோர் கண்டது என்று பெருமையோடு சொல்லும் வாட்சப் செய்திகள் வருகின்றன, வகுப்பில் அதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அந்தப் புதிரை 1883இல் பாரிசில் பொம்மையாகச் செய்து விற்றவர் மேலே பார்த்த அதே எடுவார் லூக்காதான். காசிக் கதை அதற்குப் பிரான்சில் கட்டிய சரடு. நம் பெருமைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக, பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி: 65,537க்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் இன்னொரு பகா எண் உண்டா? ஆய்லர் உடைத்த எண்ணிலிருந்து 2இன் அடுக்கு 2³² ஆகும் உறுப்பு வரை, எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்தாயிற்று. அவற்றில் இரண்டு விசித்திரமானவை. அடுக்கு 2²⁰ ஆகவும் 2²⁴ ஆகவும் உள்ள அந்த இரண்டும் பகு எண்கள் என்று நிரூபித்துவிட்டார்கள், ஆனால் எந்த வகுத்தியும் இன்னும் கைக்குச் சிக்கவில்லை. ஒரு எண் உடையும் என்று உறுதியாகத் தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. அடுத்து நிற்பது அடுக்கு 2³³ கொண்டது, 258 கோடி இலக்கத்துக்கு மேல் நீளும். அது பகா எண்ணா, பகு எண்ணா என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் தெரிந்தவர் இல்லை. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லலாம். கணக்கில் எல்லாக் கேள்விக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

அன்புடன்,
உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார இடம் கேட்கும் ஒரு கட்டுரையாளன்